பினாங்கு வீட்டுக் கொல்லையில் கருவிக் கொட்டகை: தகரமா, பலகையா, ஹாலோ இரும்பா, செங்கலா?

அளவை முதலில் முடிவு செய்துவிடுவோம்: 6 அடிக்கு 8 அடி. புல் வெட்டும் மெஷின், ஏணி, மண்வெட்டி, பாராங், உர மூட்டை, பெயிண்ட் டின் எல்லாம் அடங்கும். நடுவில் ஒருவர் நின்று திரும்பவும் இடம் இருக்கும். இந்த அளவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 6-க்கு 8 என்ற செவ்வகத்தை மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 10 அடி வரும். தளம் போடும்போதும் சட்டம் நிறுத்தும்போதும் இரண்டு மூலைவிட்டமும் 10 அடி காட்டினால் கோணம் சரி. அரை அங்குலம் பிசகினால் கூரைத் தகரம் கடைசிப் பக்கத்தில் கோணலாகப் போய் நிற்கும். அளவுநாடா ஒன்று போதும், வேறு கருவி வேண்டாம்.

சுவர் எதில் என்பதுதான் பெரும்பாலோர் குழம்பும் இடம். கடையில் பெட்டியில் வரும் மெல்லிய தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் கொட்டகை, பலகை, செங்கல், ஹாலோ இரும்புச் (உள்ளே வெற்றிடமான சதுரக் குழாய்) சட்டத்தில் சாயத் தகரம் அடித்தது என ஐந்து வழிகள். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து முடிவெடுத்தால் இங்கே பொருந்தாது. அங்கே பனிச்சுமை, தரை உறைவது போன்றவைதான் கவலை. இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை, விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தொடும் ஈரப்பதம், மண்ணிலிருந்து ஏறும் கரையான், தஞ்சோங் பூங்கா முதல் பத்து ஃபிரிங்கி வரை வீசும் உப்புக் காற்று, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடிவதற்குள் அடித்துவிட்டுப் போகும் 'சுமத்ரா' சூறைக்காற்று. கொட்டகையைக் கெடுப்பவை இவைதான். ஐந்து வழிகளையும் இவற்றுக்கு எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அதற்குமுன் அனுமதி. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 133-இன்படி, கட்டடம் எழுப்ப ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தீவில் பினாங்கு மாநகர் கழகம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் கழகம். 'சின்னதுதானே, கழற்றி எடுத்துவிடலாமே' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வீட்டின் வரைபட நகலில் கொட்டகை வரும் இடத்தைக் குறித்து எடுத்துக்கொண்டு கழக அலுவலக முகப்பில் போய்க் கேட்டுவிடுங்கள். வரிசை வீடு என்றால் மூன்றை நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்: பின்பக்கக் கால்வாயை மறைக்கவில்லை, கழிவுநீர் மேன்ஹோல் மூடியின்மேல் எதுவும் ஏறவில்லை, கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழவில்லை. மேன்ஹோலை மூடிக் கட்டினால், அது அடைத்துக்கொள்ளும் நாளில் கொட்டகையையே கழற்ற வேண்டியதாகும்.

தளம்தான் பாதி வேலை

எந்தச் சுவரைத் தேர்ந்தாலும் தளம் தப்பினால் எல்லாம் தப்பும். அதனால் ஒப்பீட்டுக்கு முன் இதைச் சொல்லிவிடுகிறோம்.

வழக்கமாக நடக்கும் தவறு, கொட்டகையைவிடத் தளத்தை அரை அடி பெரிதாகப் போடுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சுவரில் வழியும் மழைநீர் அந்த விளிம்பில் விழுந்து, அங்கேயே தேங்கி, அடிச்சட்டத்துக்குக் கீழே புகுந்து உள்ளே வரும். சிலிக்கோன் பூசிப் பூசிப் பார்த்தும் நிற்கவில்லை என்று சொல்பவர்களின் தளத்தைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இதுதான் காரணம். தளம் சுவரின் வெளி அளவோடு முடிய வேண்டும். சுவர்த் தகரமோ பலகையோ, தான் நிற்கும் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம் கீழே தொங்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் மண்ணில் சொட்டும்.

6-க்கு 8 அடி, 4 அங்குலக் கனம் என்றால் 0.45 கன மீட்டர் கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்டு, 2 பங்கு மணல், 4 பங்கு முக்கால் அங்குல ஜல்லி என்ற கலவைக்கு 50 கிலோ சிமெண்டு மூட்டை 3, மணல் 0.2 கன மீட்டர், ஜல்லி 0.4 கன மீட்டர். அடியில் மேல்மண்ணை வேரோடு வழித்தெடுத்து, 4 அங்குலம் கிரஷர் ரன் (தூளும் கல்லும் கலந்த உடைகல்) கொட்டி இடிக்க வேண்டும். அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கு மேல், கான்கிரீட்டின் நடுக்கனத்தில் வரும்படி, 6 மி.மீ. கம்பியில் 200 மி.மீ. கட்டமுள்ள பி.ஆர்.சி. வலை. வலையைத் தரையில் விரித்துவிட்டு மேலே கொட்டினால் அது அடியிலேயே கிடந்துவிடும். ஒன்றரை அங்குலத் துண்டுக் கற்களை முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். கொட்டிய பிறகு 7 நாள் சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஊர் வெயிலில் இரண்டாம் நாளே மேற்பரப்பு காய்ந்து மாவாக உதிரத் தொடங்கும்.

தளத்தின் நான்கு ஓரத்திலும், கதவு வரும் 3 அடி தவிர, மூன்று வரிசை செங்கல் வைத்துவிடுங்கள். 9 அங்குல உயரம். அரைச்செங்கல் கனத்தில் ஏறக்குறைய 105 கல்தான் ஆகும். இந்தக் குட்டைச் சுவர் செய்யும் வேலை பெரிது. தெறிக்கும் மழைச்சேறு இரும்பிலும் பலகையிலும் படாது. பின்பக்கக் கால்வாய் நிரம்பிக் கொல்லையில் தண்ணீர் ஏறினாலும் சட்டம் நனையாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அளவு வெள்ளத்தை 9 அங்குலம் தடுக்காது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வரும் அரை அடித் தண்ணீர் சட்டத்தைத் தொடாது. மூன்றாவது பயன் கரையானுக்கு எதிரானது. கரையான் வெளிச்சத்தில் நடக்காது. மண்ணில் சுரங்கக் குழாய் கட்டிக்கொண்டுதான் மேலே ஏறும். சுவர் நேராக மண்ணில் இறங்கினால் அந்தக் குழாய் கண்ணில் படாது. 9 அங்குலச் சிமெண்டுப் பரப்பு வெளியே தெரிந்தால், பென்சில் கனத்துக்கு ஒரு மண் கோடு ஏறுவதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடலாம்.

சட்டத்தைப் பிடிக்கும் போல்ட்டை அப்போதே வைத்துவிட வேண்டும். பிறகு துளையிட்டு விரிபோல்ட் அடிக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். சுவரின் நடுக்கோடு தளத்தின் விளிம்பிலிருந்து 2 அங்குலத்தில்தான் இருக்கும். அவ்வளவு ஓரத்தில் விரிபோல்ட்டை முறுக்கினால் கான்கிரீட் துண்டாகத் தெறித்துவிடும். 12 மி.மீ. மரைக் கம்பியை அடியில் எல் வடிவமாக வளைத்து, கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே நிறுத்துங்கள். 9 அங்குலச் சுவரையும் தாண்டி 2 அங்குலம் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு மூலைக்கு அருகே ஒவ்வொன்று, கதவின் இரு பக்கமும் ஒவ்வொன்று, மற்ற மூன்று பக்கத்தின் நடுவில் ஒவ்வொன்று, மொத்தம் 9. செங்கல் வைக்கும்போது கம்பி வரும் இடத்தில் இணைப்பைச் சற்று அகலமாக விட்டுக் கலவையால் நிரப்புங்கள்.

ஏற்கெனவே சிமெண்டு போட்ட கொல்லை என்றால் புதுத் தளம் தேவைப்படாமலிருக்கலாம். ஆனால் அந்தத் தரை கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்கும். 8 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருப்பது சாதாரணம். அதன்மேல் பெட்டிக் கொட்டகையை அப்படியே வைத்தால் கதவு தானாகவே ஒரு பக்கம் ஓடும். குட்டைச் சுவரை மட்டம் பார்த்துக் கட்டி, உள்ளே மெல்லிய கான்கிரீட் போட்டுத் தரையை உயர்த்திக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து வரும் தண்ணீர் சுவரில் முட்டி நிற்காமல் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கல் வையுங்கள்.

பெட்டியில் வரும் இரண்டு வகை

மெல்லிய தகரக் கொட்டகை விலை குறைவு. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாளில் நின்றுவிடும். தகரத்தின் கனம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கையால் அழுத்தினாலே குழிவிழும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் துண்டுக்கும் வலு இல்லை. எல்லாம் சேர்ந்து முறுக்கிய பிறகுதான் விறைப்பு வரும். அதனால் பாதி கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். ஒரு காற்று அடித்தால் மடங்கிவிடும். ஸ்க்ரூ அனைத்தையும் முதலில் தளர்வாகவே போட்டு, மூலைவிட்டம் சரிபார்த்து, பிறகுதான் ஒரு மூலையிலிருந்து இறுக்கிக்கொண்டு வர வேண்டும். முதலிலேயே இறுக்கினால் கடைசி இருபது துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

இதில் முதலில் சாவது கதவின் கீழ்த்தண்டவாளம். மண்ணும் காய்ந்த இலையும் தண்ணீரும் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து ஊறும். இரண்டே மழைக்காலத்தில் துரு தொடங்கும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு இந்த வகையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ரெலாவ், ஆயர் ஈத்தாம், புக்கிட் மெர்தாஜாம் போல உள்ளே இருப்பவர்களும் தளத்தில் போல்ட் போட்டே நிறுத்த வேண்டும். முழுக் கொட்டகையையும் இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்றால் சூறைக்காற்றும் தூக்கும்.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, கரையான் தின்னாது. கழற்றி எடுத்துப் போகவும் முடியும், ஆகவே வாடகை வீட்டுக்கு ஏற்றது. குறைகள் வெயிலில் தெரியும். சுவரில் கனமான எதையும் மாட்ட முடியாது, மதியச் சூட்டில் தட்டு வளையும், நாள்பட்டால் கூரை வெளிறி நொறுங்கும். 4-க்கு 6 அடிக்குள் வேண்டுமென்றால் யோசிக்கலாம். 6-க்கு 8 அளவில் கொடுக்கும் பணத்துக்கு வலு போதாது.

பலகை

பலகைக் கொட்டகையின் உள்ளே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மதியத்திலும் மூச்சு முட்டாது. விடிகாலையில் கூரையடியைத் தவிர எங்கும் வேர்க்காது. எந்த இடத்திலும் ஒரு ஸ்க்ரூவை இறக்கி மண்வெட்டியை மாட்டலாம். ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இந்த வசதிகள் வேறு எதிலும் இல்லை.

ஆனால் எந்த மரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செங்கால் என்ற வன்மரம் நிகரில்லாதது, கரையான் சீண்டாது, மழையில் பல பத்தாண்டு நிற்கும், விலையும் அதற்கேற்பத்தான். முழுக் கொட்டகையும் செங்காலில் கட்டுவது பணத்துக்கு நியாயமில்லை. மெராந்தி வேலைக்கு இலகு, ஆனால் மருந்து ஏற்றாத சிவப்பு மெராந்தி கரையானுக்கு விருந்து. நடுவழி என்னவென்றால், குட்டைச் சுவரின்மேல் படுக்கும் அடிச்சட்டம் மட்டும் செங்கால், மற்ற சட்டமும் சுவர்ப் பலகையும் அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரம். பச்சை சாயல் உள்ள மருந்து மரத்தில் தாமிரம் இருக்கும், ஆர்செனிக்கும் இருக்கலாம். வெட்டிய துண்டுகளை எரிக்கக் கூடாது, வெட்டும்போது முகமூடி கட்டாயம். வெட்டிய முனையில் மருந்து உள்வரை எட்டியிருக்காது, ஆகவே ஒவ்வொரு வெட்டு முனைக்கும் மறுபடி மருந்து தடவ வேண்டும். இந்த மரத்தின் தாமிரம் துத்தநாகப் பூச்சைத் தின்னும். ஈரமாக இருக்கும் மருந்து மரத்தின்மேல் தகரத்தை நேராக வைக்காமல் இடையே ஒரு ரப்பர் பட்டையோ தார்ப்பட்டையோ கொடுங்கள்.

துறைமுகத்திலிருந்து வரும் சரக்குத் தட்டுப் பலகையை இலவசமாக வாங்கிக் கட்டுவது இங்கே பரவலான பழக்கம். அதில் 'எச்.டி.' முத்திரை இருந்தால் மருந்து ஏற்றியது என்று நம்புகிறார்கள். அது மரத்தைச் சூடுபடுத்தி உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றதற்கான அடையாளம். இனி வரப்போகும் கரையானை அது தடுக்காது. பெரும்பாலும் மென்மையான மரம் வேறு. அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுவருக்கு வேண்டாம்.

சட்டத்துக்கு 2-க்கு 3 அங்குல மரம், 2 அடிக்கு ஒரு தூண். சுவருக்கு 6 அங்குல அகலப் பலகையைக் கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று ஒன்றேகால் அங்குலம் ஏறும்படி அடிக்க வேண்டும். 7 அடி உயரத்துக்கு 18 வரிசை. ஆணி அடிக்கும் இடம்தான் முக்கியம். மேல் பலகைக்கு அடிக்கும் ஆணி கீழ்ப் பலகையையும் சேர்த்துக் குத்தக் கூடாது. ஏற்றத்துக்குச் சற்று மேலே அடித்து மேல் பலகையை மட்டும் பிடிக்க வேண்டும். மரக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் முழுதாகக் காயாத மரம். காயும்போது அகலத்தில் சுருங்கும். இரு ஓரத்திலும் ஆணி பிடித்திருந்தால் சுருங்க வழியின்றி நடுவில் நீளமாக வெடிக்கும். வன்மரத்தில் ஆணிக்கு முன் துளையும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆணி வளையும் அல்லது பலகை முனை பிளக்கும்.

இரண்டு பேருக்கு மூன்று நான்கு வார இறுதிகள் ஆகும். மூன்றாண்டுக்கு ஒருமுறை எண்ணெயோ சாயமோ பூச நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் மட்டும் பலகைக்குப் போகலாம்.

செங்கல்

கள்ளன் பயம் உள்ள இடத்துக்கும் விலையுயர்ந்த மெஷின் வைப்பவர்களுக்கும் செங்கல் நல்லது. உப்புக் காற்றுக்கும் அசையாது. கணக்கைப் பாருங்கள்: கதவு போகச் சுவர்ப் பரப்பு 15.5 சதுர மீட்டர். அரைச்செங்கல் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 60 கல். உடைசல் சேர்த்து ஆயிரம். எடை கல் மட்டுமே இரண்டரை டன். மேலே சொன்ன 4 அங்குலத் தளம் இதைத் தாங்காது. சுவருக்குக் கீழே குறைந்தது 1 அடி அகலம், 6 அங்குலக் கனத்தில் தனி அடித்தளம் வேண்டும். பட்டர்வொர்த், பிறை பக்கம் களிமண் தரையில் இன்னும் அகலமாக. 8 அடிச் சுவரின் நடுவில் ஒரு முழுச்செங்கல் தூண் வேண்டும், இல்லாவிட்டால் சுவர் ஆடும்.

வீட்டுச் சுவரோடு புதுச் சுவரைப் பல்வைத்துச் சேர்த்துவிடாதீர்கள். வீடு பல ஆண்டுக்கு முன்பே அமர்ந்துவிட்டது, கொட்டகை இனிமேல்தான் அமரும். கீழிறங்கும்போது இணைப்பில் ஏணிப்படி போல வெடிப்பு ஓடும், அந்த வெடிப்பு கரையானுக்கு நேர்வழி. அரை அங்குல இடைவெளி விட்டு, மேலே தகரப் பட்டையால் மூடுவதே சரி. செங்கலைக் கட்டிவிட்டால் எடுக்க முடியாது. மாநகர் கழகத்தின் கேள்வியும் இதற்குத்தான் முதலில் வரும். கட்டுமான வேலை பழகாதவர்களுக்கு ஆறு வார இறுதியாவது பிடிக்கும்.

ஹாலோ இரும்பும் சாயத் தகரமும்

பினாங்கில் பெரும்பாலான கொல்லைகளுக்கு எங்கள் தேர்வு இதுதான்: துத்தநாகம் பூசிய ஹாலோ இரும்பில் சட்டம், அதன்மேல் சாயமிட்ட தகரம், கீழே மூன்று வரிசைக் குட்டைச் சுவர். கரையானுக்கு உணவில்லை, பாரம் குறைவு, வேண்டுமென்றால் கழற்றலாம், பொருள் எல்லாம் எந்த வட்டாரத்து ஹார்ட்வேர் கடையிலும் கூரைத் தகரக் கடையிலும் கிடைக்கும்.

சட்டத்துக்கு ஒன்றரை அங்குலச் சதுரம், 1.6 மி.மீ. கனம். குட்டைச் சுவருக்கு மேலே முன்பக்கம் 6½ அடி, பின்பக்கம் 5½ அடி. ஆக 6 அடிக்கு 1 அடி இறக்கம். ஒரே சரிவுக் கூரைக்கு இது தாராளம். அடி, நடு, மேல் என மூன்று சுற்றுச் சட்டம், மூலை, கதவு, பக்க நடுவில் என 9 தூண், கூரையைத் தாங்க 9 அடியில் மூன்று குறுக்குச் சட்டம், கதவின் சட்டம் எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 190 அடி. 20 அடி நீளத்தில் 11 வாங்குங்கள். தகரம் 2½ அடி அகலத்தை மூடும் வகை என்றால் கூரைக்கு 7½ அடி நீளத்தில் 4, சுவருக்கு 10, கதவுக்கு 2. தகரத்தைக் கடையிலேயே நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லிவிட வேண்டும்.

காரணம் கிரைண்டர். சாயத் தகரத்தைக் கிரைண்டரால் வெட்டினால் வெட்டும் ஓரத்தின் பூச்சு சூட்டில் வெந்துவிடும். அதோடு தெறிக்கும் நெருப்புப்பொறி ஒவ்வொன்றும் தகரத்தின் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மழைக்குப் பிறகு பாருங்கள், மிளகு தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். அது தகரத்தின் குறை இல்லை. தகரக் கத்திரிக்கோலால் வெட்டுங்கள். துளையிட்ட இரும்புத் தூளையும் அன்று மாலையே மென்மையான தூரிகையால் கூட்டித் தள்ளுங்கள்.

வெல்டிங் தெரிந்தவர்கள் துத்தநாகப் பூச்சின்மேல் நேராக வெல்டிங் வைக்கக் கூடாது. எழும் வெண்புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங் வைக்கும் இடத்தைச் சுற்றிப் பூச்சைத் தேய்த்தெடுத்து, திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நின்று வேலை செய்யுங்கள். முடிந்ததும் அந்த இடத்துக்குத் துத்தநாகம் கலந்த பெயிண்ட் இரண்டு பூச்சு. வெல்டிங் தெரியாதவர்களுக்கு எல்-வடிவக் கோணத்துண்டும் தானாகத் துளைக்கும் ஸ்க்ரூவும் போதும். இந்த அளவுக் கொட்டகைக்கு அந்த வலு தாராளம்.

ஸ்க்ரூ கூரையில் தகரத்தின் மேட்டில் போக வேண்டும், சுவரில் பள்ளத்தில். கூரைப் பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடும்; அங்கே ஒரு துளை என்றால் என்றாவது ஒழுகும். ரப்பர் வாஷர் சற்று விரிந்து, ஓரம் இரும்புத் தொப்பியோடு சமமாக வந்ததும் நிறுத்துங்கள். பிதுங்கி வெளியே வந்தால் அதிகம். ஓராண்டு வெயிலில் அந்த ரப்பர் வெடித்து ஒழுக்கு தொடங்கும்.

சிமெண்டுக் கலவையின் காரம் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். எனவே குட்டைச் சுவர் காய்ந்த பிறகு தார்ப்பட்டை ஒன்றை நீளமாக ஒட்டி, அதன்மேல் அடிச்சட்டத்தை வைத்து 9 போல்ட்டையும் முறுக்குங்கள். ஹாலோவின் திறந்த முனைகளுக்கு மூடி போட வேண்டும், தூணின் அடியில் 8 மி.மீ. வடிதுளை ஒன்றும் வேண்டும். உள்ளே தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் அபராதம் உண்டு. கூரை விளிம்பில் தண்ணீர் பிடிக்கும் தகரப் பீலி மாட்டாமல், விழும் இடத்தில் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி போடுவதை நாங்கள் விரும்புவதும் இதற்காகத்தான்.

கதவுக்கு மூன்று கீல். குறுக்குச் சட்டம் கீழ்க்கீல் பக்கத்தில் தொடங்கி மேலே பூட்டுப் பக்கம் ஏற வேண்டும். திருப்பிப் போட்டால் கதவின் பாரத்தை அது தாங்காது. ஆறு மாதத்தில் கதவு தரையை உரசும். தாழ்ப்பாளை ஸ்க்ரூவால் பிடிக்காமல் வட்டத்தலை போல்ட்டை வெளியிலிருந்து விட்டு உள்ளே நட் போடுங்கள்.

இதன் பெரிய குறை வேர்வை. வானம் தெளிந்த இரவில் தகரக் கூரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டுத் துளியாகி, விடிகாலையில் கருவிகளின்மேல் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்துச் சிலிக்கோனோடு ஏறுவார்கள். மழையே பெய்யாத காலையில் சொட்டுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இதற்கு மருந்து இரண்டு. கூரைத் தகரத்தை அடிக்கும் முன்பே குறுக்குச் சட்டத்தின்மேல் குமிழ் வைத்த அலுமினிய விரிப்பு விரித்துவிட வேண்டும். பிறகு ஒட்டினால் நிற்காது. சுவர்த் தகரத்தை முன்னும் பின்னும் கூரைக்கு 3 அங்குலம் கீழேயே நிறுத்தி, இடைவெளியில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். அரை அங்குலக் கண் வலையில் எலிக்குஞ்சு நுழையும். கூரை முன்னும் பின்னும் 9 அங்குலம் நீண்டிருப்பதால் சாரல் பெரிதாக உள்ளே வராது. காற்றோட்டம் இல்லாமல் எல்லா இடுக்கையும் அடைத்த கொட்டகையில் வைத்த ரம்பம் வேகமாகத் துருப்பிடிக்கும்.

கடலோரத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மழை படும் கூரைக்கு முன்னதாக, மழை படாத கூரையடியும் சுவரின் மேற்பகுதியும் துருப்பிடிக்கும். கூரையின் உப்பை மழை கழுவிவிடும். அங்கே கழுவ ஆளில்லை. மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரைக் கூரையடியில் பீய்ச்சிவிட்டால் போதும். அதைக்கூடச் செய்ய நேரமில்லாதவர்கள் தெலுக் கும்பார், பத்து ஃபிரிங்கி போன்ற இடங்களில் செங்கலுக்கோ மருந்து மரத்துக்கோ போய்விடுவது நல்லது.

யாருக்கு எது

வாடகை வீடு, இரண்டு மூன்று ஆண்டில் மாறிவிடுவீர்கள் என்றால் சிறிய பிளாஸ்டிக். கடல் தூரம், கையில் பணம் குறைவு, உடனே வேண்டும் என்றால் பெட்டித் தகரம், ஆனால் தளமும் போல்ட்டும் குறையாமல். கொட்டகைக்குள்ளேயே நின்று வேலையும் செய்யப்போகிறீர்கள் என்றால் பலகை. அந்தக் குளிர்ச்சிக்காகப் பராமரிப்பை ஏற்றுக்கொள்ளலாம். கம்பிரசர், பெரிய ரம்பம், வெல்டிங் மெஷின் என்று பணம் போட்டிருப்பவர்கள் அனுமதி வாங்கிச் செங்கலே கட்டுங்கள். மற்ற எல்லோருக்கும் ஹாலோ.

மனம் இரண்டுபட்டால் தளத்தையும் குட்டைச் சுவரையும் போல்ட்டையும் இப்போதே சரியாகப் போட்டுவிடுங்கள். அதே 9 போல்ட்டில் இன்று பெட்டித் தகரத்தை நிறுத்தலாம், அடிச்சட்டத்தில் புதிதாகத் துளையிட்டால் போதும். அது துருப்பிடித்த பிறகு ஹாலோவோ பலகையோ ஏற்றலாம். செங்கலுக்கு மட்டும் இந்த வழி இல்லை, அடித்தளமே வேறு.

கட்டி முடித்ததும் ஒரு நடுப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் ஊசி முனை அளவு வெளிச்சம் தெரியும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். கம்பிவலை தவிர வேறெங்கு வெளிச்சம் வந்தாலும் அங்கே தண்ணீரும் வரும். முதல் பெரிய மழைக்கு முன் அந்த வட்டங்களை அடைத்துவிட்டு, மழை விட்ட அன்றே திரும்பப் போய்த் தரையையும் குட்டைச் சுவரின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள்.